தெற்கே போய் வடக்கே பறந்தவள்

முப்பது. இந்த எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் போய், சம்பளம் வாங்காமல் உழைத்துவிட்டு வருகிற இளைஞர் தொண்டூழியத் திட்டங்கள் பலவற்றில் கதவு பதினெட்டு வயதில் திறக்கிறது, முப்பதில் சாத்திக்கொள்கிறது. நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு முப்பது என்றால் ஒரே ஒரு பாடந்தான் நடக்கும்: அதற்குள் கல்யாணத்தை முடி. இந்த இன்னொரு முப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தெரிந்தால்தானே திறப்பார்கள்.

மலாக்கா மாநிலத்து ஜாசின் ஊர் தேவிஸ்ரீக்கு அது தெரிய வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. அடுத்த பிறந்தநாளுக்கு முன்னால் விமானம் ஏறினால் உண்டு. இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

அவளை ஜாசினில் பாதிப் பேருக்குத் தெரியும். பாசார் சந்தைக்குப் பின்னால் ஒரு தனியார் கிளினிக்கில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். "சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கிள். தூக்கம் வரும், மோட்டார் ஓட்டாதீங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே அடுத்தவருக்கு மலாயிலும் அதற்கடுத்தவருக்கு உடைந்த சீனத்திலும் சொல்வாள். சொன்னதைக் கேட்காமல் மோட்டாரில் ஏறுகிறவரை வாசல் வரைக்கும் வந்து திட்டவும் செய்வாள். டாக்டருக்கே அவளிடம் கொஞ்சம் பயம்.

பிறந்தது ஜாசினுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா முனியாண்டி குலை வெட்டினவர். அம்மா வேலாயி கீழே உதிர்ந்த பழம் பொறுக்கினவள். தோட்டம் கை மாறியபோது லயத்து வீடுகளை இடித்தார்கள். குடும்பம் டவுனை ஒட்டிய மலிவு விலை வீடுகள் வரிசையாக நிற்கிற தாமானுக்கு வந்து சேர்ந்தது. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலைக்கு, காவல்காரராகப் போனார், அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கப் போனாள். தம்பி காந்தன் வளர்ந்து சாமான் டெலிவரி செய்கிறான். ஊரில் நூறு குடும்பத்தின் கதை இதுதான். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோழி இருக்கிறது.

ஆனால் ஒன்று தேவிஸ்ரீயின் நெஞ்சில் முள்ளாக நின்றது. தோட்டத்தில் இருந்த காலத்தில் தீபாவளிக்கு முந்தின வாரம் டவுனிலிருந்து ஆட்கள் வருவார்கள். அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின், எல்லாவற்றையும் கண்ணாடித் தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருப்பார்கள். ஹேம்பர். கொடுக்கிறவர் கை ஒரு பக்கம், வாங்குகிறவர் கை ஒரு பக்கம், நடுவில் கேமரா. படம் சரியாக விழவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டும். ஒரு தடவை அப்படித் திருப்பித் திருப்பிக் கொடுத்து வாங்கிய பிள்ளை தேவிஸ்ரீ. கொஞ்சம் சிரி என்று வேறு சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அந்த பிஸ்கட்டைத் தின்னத்தான் செய்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்குகிற பக்கத்திலேயே நின்று சாகக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டுவது சுலபம். படிப்பு முடிந்ததும் தம்பி படிப்பு வந்தது. அது முடிந்ததும் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அதற்கப்புறம் மஸ்ஜித் தானா என்கிற ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். தட்டு மாற்றிய பிறகு, கல்யாணம் ஆனதும் கிளினிக் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். தேவிஸ்ரீ தட்டைத் திருப்பி அனுப்பினாள். வேலாயி ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. அப்புறம் அந்த மாப்பிள்ளை வேலைக்கே போவதில்லை என்று செய்தி வந்ததும் பேச ஆரம்பித்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் மலாக்கா டவுனிலிருந்து குகன் வந்தான். பகலில் காப்புறுதி அலுவலகம், மீதி நேரம் இளைஞர் தொண்டூழியக் குழு. தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை விளக்கக் கூட்டம் போட்டான். நாற்காலிகள் நிறைய, பிள்ளைகள் குறைவு. வந்தவர்களுக்கு அவன் பூசி மெழுகாமல் சொன்னான். வெளிநாட்டுத் தொண்டூழியம் என்ற பெயரில் இரண்டு கடை நடக்கிறது. ஒரு கடையில் உங்கள் பணத்தைக் கட்டிக்கொண்டு, அநாதைப் பிள்ளைகள் நடுவில் உங்களை உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். அது சுற்றுலா, அதற்கு வேறு பெயர் வேண்டாம். இன்னொரு கடையில் கையில் சங்கோல் மண்வெட்டியைக் கொடுத்து மண்ணை வெட்டச் சொல்வார்கள். டிக்கெட் உங்களுடையது, சோறும் படுக்கையும் ஊர்க்காரர்களுடையது. அந்த ஊர் கேட்காத வேலையைச் செய்யப் போகக் கூடாது. போகிற இடத்தில் நீங்கள் முதலாளி இல்லை, கூலி. நாங்கள் இந்த இரண்டாவது கடை. இஷ்டம் இருந்தால் வாருங்கள்.

சான்றிதழ் கிடைக்குமா என்று ஒரு பையன் கேட்டான். கொப்புளம் கிடைக்கும் என்றான் குகன். பையன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

தேவிஸ்ரீ கேட்டது வயதை.

"பொறப்படுற தேதியில முப்பது ஆகியிருக்கக் கூடாது. உங்களுக்கு எத்தன?"

அவள் சொன்னாள். குகன் விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தான். "அப்போ கிழக்குத் தீமோர்தான் லா உங்களுக்கு. அதுக்கு அடுத்த குழு போறதுக்குள்ள நீங்க கிழவி ஆயிடுவீங்க."

நேர்காணல் கணினியில் நடந்தது. திட்டத்தை நடத்துகிற, ஜப்பானில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, எதற்காக உதவி செய்ய ஆசைப்படுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இந்தக் கேள்விக்கு உலகத்தை மாற்ற வேண்டும் என்று ஒப்பிக்கிறவர்கள் உண்டு. தேவிஸ்ரீ ஹேம்பர் கதையைச் சொன்னாள். வாங்குகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மற்றக் கையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவளை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்.

மிச்சம் வீடு. அப்பாதான் முதலில் மடக்கினார். அங்கே போய் என்ன வேலை என்று கேட்டார். மலை மேல் ஓர் ஊர், ஊற்று தூரத்தில் இருக்கிறது, பொம்பளைகள் டின்னில் தண்ணீர் சுமக்கிறார்கள், ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் குழாய் பதிக்கக் கால்வாய் வெட்ட வேண்டும் என்று சொன்னாள்.

"காட்டுல மண்ணு வெட்டக் கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வெச்சோம்."

"அங்க தண்ணி இல்லப்பா."

முனியாண்டி டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு எத்தனை இஞ்சு குழாய் என்று கேட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

வேலாயி அழவில்லை, தடுக்கவும் இல்லை. புறப்படுகிற நாளை மட்டும் கேட்டாள். புதன்கிழமை. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் போய்ப் பார்த்தாள். விமான நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். காந்தன் போனில் படத்தைக் காட்டினான். ஜாசினுக்கு வடக்கே.

"புதன் வடக்கே சூலம்" என்றாள் வேலாயி. அந்தக் கிழமையில் அந்தத் திசைக்கு அடி எடுத்து வைத்தால் போன காரியம் உருப்படாது என்பது கணக்கு.

தீமோர் தெற்கே அல்லவா இருக்கிறது என்று காந்தன் வாதாடினான். முதல் அடி எங்கே வைக்கிறாளோ அதுதான் திசை என்று அடித்துச் சொன்னாள் அம்மா. வடக்குச் சூலத்துக்குப் பால் குடித்துவிட்டுப் புறப்பட்டால் தோஷம் இல்லையே என்று தேவிஸ்ரீ தனக்குத் தெரிந்த சட்டத்தைப் பேசினாள்.

"பால் குடிச்சா மலாக்காவுக்குப் போலாம் புள்ள. கடல் தாண்டுறதுக்குப் பத்தாது."

வேலாயியிடம் பெரிய பரிகாரம் ஒன்று இருந்தது. ஆள் புறப்பட முடியாவிட்டால் பையைப் புறப்பட வைக்கலாம். நல்ல நாளில் நல்ல நேரத்தில் பயணப் பையை வீட்டை விட்டு வெளியேற்றி, அதே திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கியாயிற்று. பிறகு ஆள் எந்தக் கிழமையில் போய்ப் பையை எடுத்துக்கொண்டாலும் சூலம் கிட்ட வராது. ஒரே ஒரு விதி, வெளியேறின பை திரும்ப வாசல் ஏறக் கூடாது.

வடக்குப் பக்கம், இரண்டு வரிசை தள்ளி, பெத்தம்மாள் வீடு. தோட்டத்தில் வேலாயியோடு சேர்ந்து பழம் பொறுக்கின கூட்டாளி. தேவிஸ்ரீக்கு அத்தை முறை. திங்கட்கிழமை தேவிஸ்ரீ கிளினிக்கில் இருக்கும்போது, வேலாயி பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தலையில் சுமந்துகொண்டு தாமானுக்குள் நடந்தாள். சக்கரம் வைத்த பை. தள்ளிக்கொண்டு போகலாமே என்று எதிரில் வந்தவர்கள் கேட்டதற்கு, நல்ல நேரம் போகிறது என்று நடையை எட்டிப் போட்டாளாம்.

செவ்வாய் சாயங்காலம் தேவிஸ்ரீ கைப்பையில் வைக்க வேண்டியதை எடுத்து வைத்தாள். பாஸ்போர்ட்டைக் காணோம். அலமாரியைப் புரட்டினாள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், பதற்றமே இல்லாமல். "அது பையில இருக்குல்ல. நான்தான் வெச்சேன். முக்கியமான சாமான்தானே நல்ல நேரத்துல மொதல்ல வெளியேறணும்."

ஒரு வகையில் நியாயம்தான். துணிமணிக்கா சூலம்? தேவிஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. பெத்தம்மாள் வீடு என்ன சிங்கப்பூரிலா இருக்கிறது, காலையில் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று தூங்கப் போய்விட்டாள்.

காலையில் பசியாறிவிட்டு, ஒரு டம்ளர் பாலும் குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பெத்தம்மாள் வீட்டு கேட்டில் பூட்டு. உள்ளே இரும்புக் கிரில்லில் இன்னொரு பூட்டு. போன் அடித்தாள். போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கூடத்து நாற்காலியில் பை உட்கார்ந்திருக்கிறது, நெற்றியில் குங்குமத்தோடு.

அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சுங்கை ரம்பாயில் பெத்தம்மாளின் மச்சான் தவறிவிட்டாராம், விடிவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், அழுத அழுகையில் போனைக் கூட எடுத்துக்கொள்ளவில்லையாம்.

தேவிஸ்ரீ அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். குகனுக்குப் போன் அடித்தாள். மூன்று மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்றான். அடுத்த விமானத்தில் வரலாமா என்று கேட்டாள். அது வாரத்துக்கு ஒன்று, பாலியில் இறங்கி மாற வேண்டும், தீமோரில் இறங்கின பிறகு மலைக்குப் போகிற வண்டி குழுவுக்காக ஒரே ஒரு நடைதான் வரும் என்றான். இந்தக் குழு திரும்புவதற்குள் அவளுக்கு முப்பது ஆகிவிடும், அடுத்த குழுவில் இடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

காந்தன் இரும்பு அறுக்கிற ரம்பத்தோடு வந்தான். வேலாயி அவனைத் தடுத்தாள். வீட்டுக்காரி இல்லாதபோது பூட்டை அறுத்தால் அதற்குப் பேர் என்ன, அதுவும் சாவு விழுந்திருக்கிற நேரத்தில் என்றாள். காந்தன் ரம்பத்தைப் போட்டுவிட்டு மைவி காரை எடுத்தான். மூன்று பேரும் ஏறினார்கள். வண்டி சுங்கை ரம்பாய்க்கு, ஜொகூர் எல்லைப் பக்கம், விமான நிலையத்துக்கு நேர் எதிர்த்திசையில் போனது.

செம்பனை இரண்டு பக்கமும் ஓடியது. தேவிஸ்ரீ அம்மாவைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். நிறையக் கிடைத்தது. எதைச் சொன்னாலும் அம்மா அழுதுவிடுவாளோ என்று ஒவ்வொன்றாக விழுங்கினாள். பாதி வழியில் வேலாயியே வாயைத் திறந்தாள்.

"புதன்கெழம தெக்க போறதுக்கு ஒரு தோஷமும் இல்ல."

காந்தன் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான்.

"மொத அடி தெக்கதான வெச்சிருக்கா. சூலம் போச்சு" என்றாள் வேலாயி. சொல்லிவிட்டுத் திருப்தியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தேவிஸ்ரீக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் திட்டவேண்டியது எல்லாம் மறந்து போயிற்று.

சாவு வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆம்பளைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். உள்ளேயிருந்து பறை சத்தத்துக்கு மேலே ஒப்பாரி கேட்டது. அங்கேதான் அவர்களுக்குப் புதுச் சிக்கல். ஒரு சாவு வீட்டு வாசலில் போய் நின்று, சாவி கொடுங்கள், பிளேனுக்கு நேரமாகிவிட்டது என்று கேட்க முடியுமா? கேட்டவர்கள் யாரும் ஊரில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. பயணம் போகிறவள் அன்றைக்குச் சாவு வீட்டில் காலை வைக்கவும் கூடாது. நீ வண்டியிலேயே இரு, தீட்டு உனக்கு வேண்டாம், நான் போய் வருகிறேன் என்றாள் வேலாயி.

தேவிஸ்ரீ கதவைத் திறந்து இறங்கினாள்.

"அத்த உள்ள அழுவுறாங்க. நான் இங்க உக்காந்து ஏர்கான் வாங்கணுமா?"

வேலாயி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "வா" என்றாள்.

உள்ளே பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெத்தம்மாள் நடுவில், முடி அவிழ்ந்து, முகம் வீங்கி. வேலாயி நேராகப் போய் அவளைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு தலையும் ஒன்றோடு ஒன்று முட்டின. வேலாயி தோட்டத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவள். குரல் எடுத்தாள் என்றால் கல்லும் மூக்கைச் சிந்தும். எடுத்தாள்.

"பாரவண்டி ஓட்டி வந்த பாண்டியரே போனீரே,
பாதையெல்லாம் தெரிஞ்ச மச்சான் பாதி வழி விட்டீரே..."

பெத்தம்மாள் உடைந்து அழுதாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த தேவிஸ்ரீக்கும் கண்ணீர் வந்தது. லோரி ஓட்டின அந்த மனிதரை அவளுக்கும் தெரியும், கிளினிக்குக்குச் சளி மருந்துக்கு வருவார், வந்தால் ஜோக் அடிக்காமல் போக மாட்டார். வேலாயி நிறுத்தாமல் பாடினாள். மச்சான் நல்லவர் என்று பாடினாள், பிள்ளைகளை வளர்த்தார் என்று பாடினாள், எல்லாம் அசல் அழுகைதான். அப்புறம் அதே ராகத்தில், அதே கண்ணீரில், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"போனவரு போயிட்டாரு பொண்ணு ஒண்ணு நிக்கிதடி,
பொட்டி உங்க கூடத்துல பூட்டிக் கெடக்குதடி..."

பெத்தம்மாளின் அழுகை ஒரு மூச்சு நின்றது. பிறகு தொடர்ந்தது, ராகம் தப்பாமல்.

"அய்யோ வேலாயி நான் மறந்து வந்த பாவியடி,
அடுத்த ரூமுப் பையிக்குள்ள நீலக் கவுறு சாவியடி..."

எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளோ சிரித்தாளோ யாருக்கும் தெரியாது. தேவிஸ்ரீ எழுந்து அடுத்த அறைக்குப் போனாள், பெத்தம்மாளின் கைப்பையில் நீலக் கயிற்றில் கோத்த சாவியை எடுத்தாள், திரும்பி வந்து முன்போலவே உட்கார்ந்தாள். சாவி கிடைத்ததும் எழுந்து ஓடினால் அதைவிடக் கேவலம் இல்லை. கடிகாரத்தைப் பார்க்காமல், வந்தவர்களுக்கு இடம் விட்டு, இறந்தவரின் மகளுக்குத் தண்ணீர் கொடுத்து, நியாயமாக இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தாள். அவளுடைய பிளேன் அவள் மண்டைக்குள் ஏற்கெனவே ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வேலாயி கண் காட்டினாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்தார்கள். பெத்தம்மாள் தேவிஸ்ரீயின் மணிக்கட்டைப் பிடித்தாள். ராகம் இல்லாமல், காய்ந்த குரலில் சொன்னாள்.

"போ. போன்னு சொல்லலாம், தப்பில்ல. போ தாயி."

காந்தன் ஜாசினுக்குத் திரும்பி ஓட்டின வேகத்தை எழுத வேண்டாம், போலீஸ்காரர்களும் படிப்பார்கள். பெத்தம்மாள் வீட்டு வாசலில், கிரில்லைத் தொடுவதற்கு முன்னால், வேலாயி செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயைத் திறந்து மகள் தலையில் பிடித்தாள். தீட்டோடு பையைத் தொடக் கூடாதே. மகளை நனைத்தாள், மகனை நனைத்தாள், தன் தலையிலும் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகலில் மூன்று பேர் துணியோடு சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்து மலாய்க்கார அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் துண்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தாள். உள்ளே போய் உடை மாற்றி, பையை எடுத்து, சாவியை அந்த அக்காவிடமே ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். வழியில் பள்ளிக்கூட வாசலில் முனியாண்டி ஜாகா உடுப்பில் நின்றார். வண்டி நிற்கவில்லை. அவர் கையைத் தூக்கினார். அந்தக் கை வெகு தூரம் வரைக்கும் கண்ணாடியில் தெரிந்தது.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த வேலையாளிடம் குகன் கெஞ்சிக்கொண்டிருந்தபோது தேவிஸ்ரீ ஓடி வந்தாள்.

"தல ஏன் ஈரம்?"

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றேண்ணா."

குகன் அரை அடி பின்னால் நகர்ந்தான். உலகம் சுற்றினவன்தான், ஆனாலும் நகர்ந்தான். "குளிச்சிட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான். குழுவில் இருந்த ஒரு ஜப்பான் பெண் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் விசாரித்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு பேரும் டிராபிக் ஜாம் என்றார்கள்.

மலை ஊரில் முதல் வாரம் தேவிஸ்ரீக்கு வெட்கமாகிவிட்டது. கொடுக்கப் போனவள் விடிந்ததிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்தாள். அவளைத் தங்க வைத்த பிலோமேனா என்கிற விதவை தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை. சோளமும் பீன்ஸும் வேக வைத்து முதல் தட்டை அவள் கையில்தான் வைத்தார்கள். வயதானவர்களுக்கு இந்தோனேசிய மொழி தெரியும், அதனால் ஜாசின் மலாய் அங்கே நன்றாகவே செல்லுபடியானது. குழுவில் வேறு யாருக்கும் இந்த வசதி இல்லை. அவர்கள் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, தேவிஸ்ரீ பிலோமேனாவோடு மருமகள் பிரச்சினை வரைக்கும் பேசி முடித்துவிட்டாள். ஊரே அவளை மானா தேவி என்று கூப்பிட்டது. மானா என்றால் அக்கா.

வேலை வேலையாகத்தான் இருந்தது. காலையில் சங்கோல், மத்தியானம் சங்கோல். ஊர் ஆம்பளைகளும் பொம்பளைகளும் வெட்டினார்கள், குழு அவர்கள் சொன்ன இடத்தில் வெட்டியது. பாதியில் பாறை வந்தது. கால்வாயைச் சுற்றிக் கொண்டு போனார்கள். ஒரு மழையில் வெட்டினது முக்கால்வாசி சரிந்து மூடிக்கொண்டது. குழுவில் வந்த ஜெர்மன்காரப் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஊர்க்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடி வெட்டத் தொடங்கினார்கள். தேவிஸ்ரீயும் தொடங்கினாள். கை கொப்புளித்தது, உடைந்தது, காய்த்தது. சாயங்காலத்தில் வேலாயி கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஊரே சோளம் தின்றது. அவளுடைய முப்பதாவது பிறந்தநாள் அப்படி ஒரு நாளில்தான் வந்து போனது. அன்றைக்கும் மண்தான்.

தண்ணீர் வந்த அன்று பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. குழாய் முதலில் இருமியது, பிறகு காற்று விட்டது, பிறகு சிவப்பாகக் கக்கியது, பிறகு தெளிந்தது. ஒரு கிழவர் வந்து வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, நல்லாயிருக்கு என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டினார். பிலோமேனா குழாயை மூடுவாள், திறப்பாள், மறுபடி மூடுவாள். தேவிஸ்ரீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது முனியாண்டி விமான நிலையத்திலேயே மகள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பை விரலால் அழுத்தினார்.

"ம்ம். குலை வெட்டுறவன் கை" என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தெரியாது.

தேவிஸ்ரீ இப்போதும் அதே கிளினிக்கில்தான் இருக்கிறாள். வயது தாண்டிவிட்டது, அந்தக் கதவு அவளுக்கு இனித் திறக்காது, அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. மருந்து வாங்க வருகிற இளவட்டங்களிடம் வயதைக் கேட்கிறாள். இருபத்தைந்து என்று சொன்னால், இன்னும் ஐந்து வருஷம் இருக்கு, இங்க உக்காந்து சளி பிடிச்சிக்கிட்டு என்ன பண்ற என்று கேட்கிறாள். சிலர் குகனின் எண்ணை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சிலர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் பிலோமேனாவின் மகன் வாட்ஸாப்பில் படம் அனுப்பினான். குழு திரும்பி வந்துவிட்ட பிறகும் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே வெட்டி, தாங்களே குழாய் வாங்கிச் சேர்த்து, பக்கத்துச் சரிவு வரைக்கும் தண்ணீரைக் கொண்டு போய்விட்டார்கள்.

இன்றைக்கு அந்த மலையில் குழாய் உள்ள வீடுகள்: அறுபத்து மூன்று.